பேர் போடாத பதினோரு தாள்

குழாய் இருமியது. எட்டு நாள் கழித்து வருகிற தண்ணீர் அப்படித்தான் வரும். முதலில் காற்றைத் துப்பும், அப்புறம் இருமும், அப்புறம் துரு நிறத்தில் ஒரு வாய் கக்கும், அதற்கும் பிறகுதான் பெருவிரல் கனத்துக்கு ஒழுங்காக விழ ஆரம்பிக்கும். செண்பகவல்லி வாசலில் தோண்டிய குழிக்குள் இரண்டு படி இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீலக்குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தக் கரிசல் ஊரில், அந்தத் தெருவில், எல்லா வாசலிலும் இப்படி ஒரு குழி. மேட்டுக்கு ஏறாத தண்ணீரைப் பள்ளத்துக்கு இறங்கித்தான் பிடிக்க வேண்டும். ஒரு குடம் நிறைய ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் ஒரு பேரை யோசித்துப் பார்த்துவிடலாம். ஐம்பத்திரண்டு வயதில் பேர் வைக்கக் கைப்பிள்ளையா இருக்கிறது அவளுக்கு? அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பதினோரு தாள் இருக்கிறது. அதற்குத்தான் பேர். கதைக்குத் தலைப்பு வைத்தாயிற்று. தலைப்புக்குக் கீழே, எழுதினது யார் என்று போடுகிற இடம் வெறுமனே கிடக்கிறது. ஆண்டு மலருக்கு நாளைக் காலைக்குள் கதை போய்ச் சேர வேண்டும். தெருமுனைத் தபால் பெட்டியைப் பதினோரு மணிக்குத் திறப்பார்கள். அதற்குள் அந்த இடத்தில் ஒரு பேர் விழ வேண்டும். ஏன், உன் பேரைப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதுதானே சங்கடமே. அவள் பேரில் ஏற்கெனவே ஒருத்தர் முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவள் புருஷன்.

அவர் கேட்கவே இல்லை. இப்போது நினைத்தால்கூட அதுதான் முதலில் வந்து நிற்கிறது. கேட்டிருந்தால் தலையைத் தலையை ஆட்டியிருப்பாள், இருந்தாலும் கேட்கவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது, மகள் ஆறு மாசக் குழந்தை, இடுப்பில் இருந்தபடி தாலிச்சரட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். தபால்காரர் காக்கித்தாள் சுற்றிய ஒரு புத்தகத்தை நீட்டி, ‘செண்பகவல்லி யாரும்மா?’ என்றார். யாரா! அவளுக்கே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் அவள் பேருக்கு ஒரு தபால் வந்ததில்லை. அம்மா வீட்டுக் கடிதம்கூட அவர் பேருக்குத்தான் வரும், உள்ளே கடைசியில் ‘செண்பகம் சௌக்கியமா’ என்று ஒரு வரி. காக்கியைக் கிழித்தால் பத்திரிகை. புரட்டினால் நாற்பத்திமூன்றாம் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்த பொம்பளைப் படம். படத்துக்குக் கீழே கறுப்பு மையில், அச்சில், செண்பகவல்லி. அம்மாடி! தேர் அசையாமல் அசைந்து முதல் அடி எடுத்து வைக்கும்போது உடம்பெல்லாம் ஒன்று ஓடுமே, அது ஓடியது. விரலால் தடவிப் பார்த்தாள். மேடு பள்ளம் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் இருந்தது. தான் செத்துப்போனாலும் இது எங்கேயோ ஒரு பழைய பேப்பர் கடையில் இருக்கும் என்று தோன்றி பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து அவர் சைக்கிளை நிறுத்தும்போதே சிரித்தார். ‘ஒன் பேரப் போட்டுட்டேன் செம்பகம். கதையில தாசில்தாரைக் கிண்டல் பண்ணிருக்கு. எம் பேருல வந்தா நாளைக்கே மெமோ வரும். ஒன்னய ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாதுல்லா.’ அப்புறம், செருப்பைக் கழற்றிக்கொண்டே, ‘அதுவும் போக, எம் பேரும் ஒரு பேரா? கதைக்கு மேல அதப் பாத்தா தேவாரக் கட்டுரைன்னு நெனச்சுப் பக்கத்தத் திருப்பிருவான்’ என்றார். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு அன்றைக்கு அந்தப் பயம் நியாயம்தான். காபி போட்டுக் கொடுத்துவிட்டு நாற்பத்திமூன்றாம் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

‘யக்கா! செம்பகக்கா! கொடம் நெறஞ்சு வழியுது, என்ன ரோசனையில இருக்கிய?’ எதிர்வீட்டுப் பூரணம் தன் குழியிலிருந்து கத்தினாள். எட்டு நாள் தண்ணீர் குழிக்குள் வீணாய் வழிகிறது, இவள் நாற்பத்திமூன்றாம் பக்கத்தில் இருக்கிறாள். சட்டென்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, தொட்டியில் ஊற்றி, திரும்பி வந்து வைத்து, மறுபடி உட்கார்ந்து, அந்தப் பேர், ஆமாம், அந்தப் பேர் அதோடு நிற்கவில்லையே. அது வளர ஆரம்பித்தது. இவள் மாவாட்டினாள், மகளுக்கு மாந்தம் பார்த்தாள், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக் கரையேற்றினாள். அது பாட்டுக்கு அச்சில் வளர்ந்தது. ‘அன்புள்ள சகோதரி’ என்று கடிதம் வந்தது. பத்திரிகை படம் கேட்டபோது ரேஷன் கார்டுக்கு எடுத்த இவள் படம் போனது. ஒரு பெண்கள் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததை இவள் வாசித்தாள். எழுத்தாளரின் கணவர் என்று அவரைக் கடைசி வரிசையில் பையோடு உட்கார வைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளை ஓடிவந்து இவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு, ‘இந்தக் கையாம்மா எழுதுது?’ என்றாள். என்ன சொல்ல? ‘ஆமா தாயி’ என்றாள். அது பொய்யும் இல்லை பாருங்களேன். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அச்சுக் கோக்கிறவருக்கு ஓடாது. அதனால் முதல் கதையைத் தவிர எல்லாக் கதையும் இவள் கையால் நகல் எடுத்துத்தான் போயிற்று. குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. பத்திரிகை ஆசிரியர் ஒரு தடவை, ‘தங்கள் கதையைப் போலவே தங்கள் கையெழுத்தும் தெளிவு’ என்று எழுதியிருந்தார். புருஷன் அதை உரக்க வாசித்துக் காட்டிச் சிரி சிரியென்று சிரித்தார். இவளும் சிரித்தாள். ஆனால் நகல் எடுக்கிற கை சும்மா இருக்குமா? ஒருநாள் அது நின்றுவிட்டது. கதையில், புருஷனைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். ‘அவள் தேம்பித் தேம்பி அழுதாள்’ என்று அவர் எழுதியிருந்தார். கை அதை எழுத மாட்டேன் என்றது. அந்தப் பொம்பளை அழமாட்டாள், இவளுக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்றுதான் தெரியவில்லை. அடுப்பில் என்னமோ இருக்கிறது. பால். கை தானாக எழுதியது: ‘அவள் எழுந்துபோய்ப் பாலை இறக்கினாள்.’ எழுதிவிட்டு, திருடினவள் மாதிரி தாளைக் கவிழ்த்து வைத்தாள். கவரை ஒட்டித் தபாலில் சேர்த்தாயிற்று. கதை வந்தது. கடிதம் கடிதமாக வந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு டீச்சர், ‘அந்தப் பாலை இறக்கிய இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்’ என்று எழுதியிருந்தார். புருஷன் அதை வாசித்துவிட்டு, ‘பாத்தியாட்டி!’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாத்தியாட்டி என்றால்? நான் எப்படி எழுதியிருக்கிறேன் பார் என்றா, நீ என்ன செய்திருக்கிறாய் பார் என்றா? தான் எழுதாத வரி என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை.

அடுத்த குடம். மரகதம் என்று போடலாமா? அம்மா பேர். அம்மாவுக்கு அச்சென்றால் பத்திரம் மட்டும்தான். கைநாட்டு வைக்கும்போதே விரல் நடுங்கும். வேண்டாம், பாவம். கயல்? சின்னதாக, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அதைத் தலைப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தால் கதைக்கே பதினெட்டு வயது ஆகிவிடுகிறது, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்கிறது. கார்குழலி? ஐயே, யார் வீட்டுப் பட்டுச் சேலையையோ வாங்கிக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி. மகள் பேர்? சம்பந்திவீட்டில் பேச்சு வரும். என்ன ஆச்சரியம், கதை அதே கதை, ஒரு எழுத்து மாறவில்லை, மேலே பேர் மாறினால் அதன் முகமே மாறிவிடுகிறது. ஒவ்வொரு பேருக்கும் அது நிமிர்ந்து பார்த்து, நீயா எங்கம்மா என்று கேட்கிறது. ஆறு மாசமாக, அதாவது அவர் ரிட்டயர் ஆன நாளிலிருந்து, அவர் கையிலிருந்து ஒரு வரி வரவில்லை. இனி ஆபீஸ் இல்லை, மெமோ இல்லை, முழுநேரமும் எழுத்துதான் என்று மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். போட்டவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருக்கிறார். ஆண்டு மலருக்குக் கதை கேட்டு ‘அன்புள்ள செண்பகவல்லி அவர்களுக்கு’ என்று கடிதம் வந்தபோது அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘வரமாட்டேங்குது செம்பகம்’ என்றார். மறுநாள் மத்தியானம் அவர் அசந்து தூங்குகிறார், இவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள், அப்போது மனசுக்குள் வந்தாள் ஒரு பொம்பளை. திருநெல்வேலி பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி, பேர் தெரியாத ஒரு ஊரில் இறங்கி நிற்கிறாள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் யார் பெண்டாட்டி, யார் அம்மா என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவுதான் கதை. அவள் கையில் மஞ்சள் குடை. செண்பகவல்லி தன் ஆயுசில் மஞ்சள் குடை வாங்கினதில்லை, பார்த்ததுகூட இல்லை; அந்தப் பொம்பளை அதைக் கொண்டுவந்தாள். எங்கிருந்து கொண்டுவந்தாள்? முறத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான். பதினோரு மத்தியானம், பதினோரு தாள். ஒவ்வொரு நாளும் கை எழுதி முடித்த பிறகுதான் தெரியும், ஓகோ இதுதான் நடந்ததா என்று. இத்தனை நாளும் இது எங்கே இருந்தது? இந்த வீட்டிலா, இந்த உடம்பிலா? நினைக்க நினைக்கக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்படியென்றால் என்ன தயக்கம்? தயக்கம் என்னவென்றால், எந்தப் பேரைப் போட்டாலும் அந்தக் குண்டுக் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். ஆசிரியர் கவரைப் பிரித்ததுமே, செண்பகவல்லி புதுப் பேரில் விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டு, கயலையும் கார்குழலியையும் அடித்துவிட்டு, வாசகர்களுக்குப் பழகின பேரையே போட்டுவிடுவார். சரி, அந்தப் பேரே இருக்கட்டும் என்று அனுப்பினால், அது இவள் எழுதினது ஆகாது. அது அவருடைய முப்பது வருஷத்துக்குள் போய் விழுந்து, உப்புக்கல் மாதிரி கரைந்துவிடும். அவர் படிப்பார். காதில் சொருகின பென்சிலை எடுப்பார். ‘இந்த எடத்துல கொஞ்சம் சுருக்கணும்ட்டி’ என்பார். மத்தியானத்துக்குள் நம்ம கதை என்பார், மலர் வருவதற்குள் என் கதை என்பார். கெட்டவர் என்றால் சண்டை பிடிக்கலாம். நல்ல மனுஷன், பிரசவத்துக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டவர். அப்படிப்பட்டவர் எடுத்துக்கொள்கிறோம் என்றே தெரியாமல் எடுத்துக்கொண்டால், அதை எப்படித் திருப்பிக் கேட்பது? குடத்தில் தண்ணீர் கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது தோன்றியது, தோன்றினதும் குழிக்குள்ளேயே சிரித்துவிட்டாள். அவர் இவள் பேரை எடுத்துக்கொண்டார் அல்லவா, இவள் அவர் பேரைப் போட்டுவிட்டால்? ஐயோ, ஆத்தாடி! எழுதுவதா, அந்தப் பேரையா? முப்பத்திரண்டு வருஷத்தில் அதை இவள் வாயால் ஒரு தடவை சொன்னதில்லை. வாயில் வந்தால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அத்தை சொல்லி அனுப்பினது. நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று, நாக்குக்கு மட்டும் அது தெரியவில்லை. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பேர் கேட்டபோது, வீட்டில் யாரும் இல்லை, மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ‘சிவன் கோயில்ல சாமி எதும்மேல இருக்கு? அதுகூட ஒரு அப்பனச் சேத்துக்கிடுங்க’ என்றாள். அந்த மனுஷன் யோசித்தார், தலையாட்டினார், எழுதிக்கொண்டு போனார். கார்டு வந்தது: குடும்பத் தலைவர், லிங்கப்பன். பீடத்தைக் கேட்டால் சாமியையே எழுதியிருக்கிறார். மாற்ற அலைய முடியாமல் பதினோரு வருஷம் அவர் ரேஷன் கடையில் லிங்கப்பனாகவே சீனி வாங்கினார். ‘நீ எனக்கு ஒரு பேரு வச்சிட்ட, நான் ஒனக்கு ஒண்ணும் வைக்கல’ என்று கேலி செய்வார். உதட்டை அசைத்துப் பார்த்தாள். முதல் எழுத்து தொண்டை வரைக்கும் வந்தது; அதற்கு மேல் வரவில்லை, குழாய் மாதிரி வெறும் காற்று.

சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். வாசகசாலையில் பேப்பர் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வருவார், இன்று எட்டரைக்கே வந்துவிட்டார். ‘தண்ணி நல்லா வருதா? கீரை வாங்கிட்டு வந்தேன்’ என்று குழிக்கு மேலே குரல் கடந்து உள்ளே போனது. கீரை என்றால் அடுக்களை. அடுக்களை என்றால் அஞ்சறைப் பெட்டி, அதற்கடியில் நீட்டிக்கொண்டிருக்கிற தாள். எழுந்திரு, ஓடு என்று மனசு கத்துகிறது, கால் குழித் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டது. உள்ளே காலடி போயிற்று, நின்றது. திரும்பவில்லை. ஒரு தாள் புரளும் சத்தம் இந்தத் தெருச் சத்தத்தில் கேட்காது, ஆனால் கேட்டது. இரண்டாவது தாள். அந்தப் பொம்பளை இப்போது பஸ்ஸில் தூங்குகிறாள். மூன்று, நான்கு. இறங்கிவிட்டாள். பென்சிலை எடுத்திருப்பாரோ? குடம் நிறைந்தது, வழிந்தது, ‘யக்கா!’ என்று பூரணம் கத்தினாள், வழிந்தால் வழியட்டும். இன்றைக்கு என் வாழ்க்கையே உள்ளே படிக்கப்படுகிறது, தண்ணீராவது மண்ணாவது. குழாய் மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது. அவர் வாசல்படிக்கு வந்தார். கையில் பதினோரு தாளும் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். பென்சில் காதிலேயே இருந்தது.

‘யாரு எழுதுனது?’ என்றார்.

‘எங் கையெழுத்து தெரியலயா?’

‘கையெழுத்து தெரியுது. எழுதுனது யாரு?’

‘நாந்தான்.’

அவர் படியில் உட்கார்ந்தார். இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது. அப்புறம், இத்தனை வருஷம் இவளுக்குக் கடிதம் எழுதினவர்கள் கேட்ட மாதிரி, அந்தக் கல்லூரிப் பிள்ளை கேட்ட மாதிரி, கூச்சத்தோடு கேட்டார். ‘அந்தக் கொடை மஞ்சக் கலர்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?’

‘எனக்கே தெரியலங்க. அவதான் கொண்டாந்தா.’

அவர் தலையை ஆட்டினார். ‘எனக்கு ஒருநாளும் ஒருத்தியும் ஒண்ணும் கொண்டாந்ததில்ல. எல்லாம் நான்தான் தேடிப் போயி வாங்கணும்.’ தாள்களை மடியில் வைத்துத் தட்டி நேராக்கினார். ‘பாலை எறக்குன வரியும் நீதான். அன்னைக்கே தெரியும். பாத்தியாட்டின்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரல செம்பகம்.’

பதினெட்டு வருஷம் சுற்றிச் சுற்றி வந்த வார்த்தை ஒரு வழியாக வந்து உட்கார்ந்தது. கண்ணில் நிறைந்ததை இவள் துடைக்கவில்லை, கை ஈரமாக இருந்தது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற பேனாவை இவளே எட்டி எடுத்தாள். முதல் தாளை அவர் முழங்காலில் வைத்து, தலைப்புக்குக் கீழே, குண்டு குண்டாக எழுதினாள். செண்பகவல்லி. முப்பது வருஷமாக ஆயிரம் தடவை நகல் எடுத்த அதே ஏழு எழுத்து. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் கனத்தது. ஒருத்தியிடமிருந்து போய், ஊரெல்லாம் சுற்றி, முன்பின் தெரியாதவர்களை அழவைத்துவிட்டு, இவ்வளவு பெரிசாகத் திரும்பி வந்திருக்கிறது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘அப்ப எனக்கு?’ என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. ரிட்டயர் ஆன அன்று மாலையோடு வீட்டு வாசலில் நின்ற அதே முகத்தோடு கேட்டார். ‘இந்த வயசுல நான் என்ன பேருன்னு போட்டுக்க?’

மெமோ இல்லை. தாசில்தார் இல்லை. அப்புறம் யாருக்குப் பயம்? இந்த மனுஷன் ஒருதடவைகூடத் தன் பேரைத் தலைப்புக்குக் கீழே பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அந்தத் தேர் அசைகிற சுகத்தை முப்பது வருஷமாகத் தனக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நின்றிருக்கிறார். இவள் குழிக்குள் நின்றபடி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தண்ணீர் வருவதற்கு முந்தின குழாய் மாதிரி ஒரு தடவை செருமிக்கொண்டாள்.

‘ஒங்களுக்குத்தான் ஒரு பேரு இருக்குல்லா’ என்றாள். ‘ஆவுடையப்பன்.’

எதிர்வீட்டில் பூரணம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டென்று எழுந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது எழுந்திருக்கிற பையன் மாதிரி.

‘ம்’ என்றார்.